நாம்போரில் எடைபோட்ட பாட்டில்கள்

1992ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், நாம்போர் என்ற ஊரின் மக்கள் சிலருக்கு சன்ஸ்கிரீன் பாட்டில்களை இலவசமாகக் கொடுத்தார்கள். தினமும் காலையில் முகம், கழுத்து, கைகளில் தடவிக்கொள்ள வேண்டும். வியர்த்தாலோ, குளித்தாலோ, வெகுநேரம் வெயிலில் நின்றாலோ மறுபடி தடவ வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாட்டிலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வந்த பாட்டிலைத் தராசில் வைத்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு, புதியதைக் கொடுத்து அனுப்பினார்கள்.

சன்ஸ்கிரீனின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த காட்சி அந்தத் தராசுதான். கண்டுபிடித்தவர்கள், காப்புரிமை வாங்கியவர்கள், விளம்பரம் வரைந்தவர்கள் என்று பெரிய கூட்டமே இந்தக் கதையில் உண்டு. ஆனால் ‘நீங்கள் நிஜமாகவே எவ்வளவு தடவினீர்கள்?’ என்று ஓர் ஊரையே உட்காரவைத்துக் கேட்டது நாம்போரில்தான்.

அந்த ஊருக்குக் கீழே, கடலோரத்தில் உள்ள ஒரு மருந்துக்கடையில் நான் பார்மசிஸ்ட். டிசம்பரில் பள்ளிக்கூடம் மூடியதும் எங்கள் கடையில் இருமல் மருந்தைவிட சன்ஸ்கிரீன்தான் அதிகம் போகும். ராக்கின் முன்னால் குடும்பம் குடும்பமாக நிற்பார்கள். க்ரீம், லோஷன், ஜெல், ஸ்ப்ரே, உருட்டிப் பூசுவது, குச்சி. ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். ‘லீவுக்குப் போறோம், எதை எடுக்கறது?’ என்று கேட்பார்கள். சுருக்கமான பதில் ஒன்று வைத்திருக்கிறேன். நீண்ட பதிலுக்குக் கரும்பிலிருந்து தொடங்க வேண்டும்.

நாம்போர் கரும்பு ஊர். பிரிஸ்பேனிலிருந்து வடக்கே 100 கிலோமீட்டர் போல. கரும்பு ஏற்றிய குட்டி ரயில் ஊரின் நடுத்தெருவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. மோர்ட்டன் ஆலை 2003ல் மூடப்பட்ட பிறகு அந்தக் காட்சி போய்விட்டது. பழையவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். குவீன்ஸ்லாந்தின் கரும்புக் கொல்லைகளில் முதலில் வெயிலில் நின்றவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்லர். 1863 முதல் 1904 வரை பசிபிக் தீவுகளிலிருந்து ஏறத்தாழ 62,000 பேரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்களில் ஏராளம். பிஜிக்கும் நடாலுக்கும் நம் மக்களைக் கூலிகளாக அனுப்பியது எந்தச் சர்க்கரையோ, இதுவும் அதே சர்க்கரைதான். குவீன்ஸ்லாந்தில் ஆலை வைத்திருந்த காலனியல் ஷுகர் ரிஃபைனிங் கம்பெனி பிஜியிலும் ஆலை வைத்திருந்தது.

1901ல் ஆஸ்திரேலியா ஒரே நாடானதும் இயற்றிய முதல் சட்டங்களில் ஒன்று அந்தத் தீவு மக்களைத் திருப்பி அனுப்புவதற்கானது. வெள்ளையர் மட்டுமே வாழும் நாடு வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டார்கள். அப்படியென்றால் கரும்பை வெள்ளையர்தான் வெட்டியாக வேண்டும். வெப்ப மண்டலத்தில் வெள்ளை உடம்பு உழைக்குமா, பிழைக்குமா என்ற சந்தேகம் எழுந்தது. அதை ஆராயவே 1910ல் டவுன்ஸ்வில்லில் வெப்பமண்டல மருத்துவ நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1925ல் ராஃபேல் சிலென்டோ என்ற மருத்துவர் ‘வெப்பமண்டலத்தில் வெள்ளை மனிதன்’ என்று ஒரு நூலே எழுதி, தாராளமாக வாழலாம் என்று வாதிட்டார். காய்ச்சலையும் கொக்கிப் புழுவையும் ஒழித்தால் போதும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை.

தோல் வேறு கணக்கு வைத்திருந்தது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் மேகத்துக்கு அடியில் தலைமுறை தலைமுறையாக வெளுத்த தோல் அது. அதைக் கொண்டுவந்து, கோடையில் புற ஊதாக் குறியீடு சர்வ சாதாரணமாக 11ஐத் தாண்டும் நிலத்தில் நிறுத்தினார்கள். 1956ல் ஆலிவர் லான்காஸ்டர் என்ற கணிதப் புள்ளியியலாளர் மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோயால் வந்த சாவுகளை நிலநடுக்கோட்டிலிருந்து உள்ள தொலைவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஐரோப்பிய வம்சாவளியினர் நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கச் சாவும் கூடியது. ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே தெற்கைவிடக் குவீன்ஸ்லாந்தில் அதிகம். 1963ல் பிரிஸ்பேன் அறுவை மருத்துவர் நெவில் டேவிஸ் குவீன்ஸ்லாந்து மெலனோமா திட்டத்தைத் தொடங்கி, நோயாளிகளை ஒருவர் விடாமல் பதிவு செய்யத் தொடங்கினார். ஆஸ்திரேலியர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு எழுபது வயதுக்குள் ஏதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய் வரும் என்று இன்று சொல்லப்படுவதன் வேர் இந்தக் குடியேற்றத்தில் இருக்கிறது. என் கவுண்டருக்கு வரும் கிழவர்களின் காதுமடலில் ஒரு துண்டு இருக்காது. மூக்கில் ஒட்டுத்தோல் வேறு நிறத்தில் தெரியும். கரும்பு வெட்டியவர்கள், மீன் பிடித்தவர்கள், கூரை வேய்ந்தவர்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சட்டமும் அந்த நூலும் எனக்கு நினைவுக்கு வரும்.

ஆனால் சன்ஸ்கிரீன் இவர்களுக்காகப் பிறக்கவில்லை. அது விடுமுறைக்காகப் பிறந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வெயில் ஒரு மருந்து. தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் லேசான் மலையூரில் ஆகுஸ்ட் ரோலியே காசநோயாளிகளைப் பால்கனியில் படுக்கவைத்து வெயில் காட்டும் மருத்துவமனையைத் தொடங்கினார். அதுவரை வெயிலில் கறுத்த தோல் உழவருக்கும் கூலிக்கும் அடையாளம். இதற்குப் பிறகு அது ஆரோக்கியத்தின் அடையாளமாயிற்று. 1920களில் பணக்காரர்கள் பிரான்சின் தென்கடற்கரைக்குக் கோடையில் போய்ப் பழுப்பேறித் திரும்பினார்கள். 1936 ஜூனில் பிரான்ஸ் அரசு தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை என்று சட்டம் போட்டது. அதுவரை கடலையே பார்க்காத குடும்பங்கள் ரயிலேறின. லோரியால் நிறுவனர் யூஜேன் ஷூலேர் அந்தக் காலத்தில்தான் ஆம்ப்ர் சோலேர் என்ற எண்ணெயைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். எரிச்சல் இல்லாமல் பழுப்பேற வேண்டும். அந்த எண்ணெயின் நோக்கம் அவ்வளவுதான்.

அமெரிக்காவில் நடந்ததும் இதே கதை. இரண்டாம் உலகப் போரின்போது விமானிகளுக்குப் பெட்ரோலியத்திலிருந்து எடுத்த சிவப்பு வாஸலின் ஒன்றைக் கொடுத்தார்கள். கால்நடைகளுக்குப் பூசும் களிம்பு அது. பிசுபிசுவென்று ஒட்டும், ஆனாலும் வெயிலை ஓரளவு தடுக்கும். ஃபுளோரிடாவின் மயாமி பீச்சில் மருந்துக்கடை வைத்திருந்த பெஞ்சமின் கிரீன் 1944ல் அதோடு கோகோ வெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து தயாரித்ததுதான் காப்பர்டோனாக வளர்ந்தது. பெயரிலேயே செம்பு நிறம். ஆக, பாதுகாப்பு என்று இவர்கள் சொன்னதெல்லாம் பழுப்பேறும் வரை வெயிலில் படுத்திருக்கத் தேவையான அளவு பாதுகாப்புதான்.

ஆஸ்திரேலியாவில் தொடக்கம் கொஞ்சம் வேறு மாதிரி. 1930களின் தொடக்கத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவின் வேதியியலாளர் மில்ட்டன் பிளேக் தன் வீட்டுச் சமையலறையில் வெயில்புண்ணைத் தடுக்கும் க்ரீம் ஒன்றைச் செய்துபார்த்தார். அதிலிருந்து வளர்ந்த ஹாமில்ட்டன் என்ற பெயர் இன்றும் எங்கள் ராக்கில் இருக்கிறது. ஆனால் ஆசை இங்கேயும் பழுப்பின் பக்கம்தான் ஓடியது. போருக்குப் பிந்தைய சர்ஃபர்ஸ் பாரடைஸ் கடற்கரையின் பழைய புகைப்படங்களைப் பார்த்தால் தெரியும். முதுகில் டேங்க் கட்டிய ஆட்கள், பூச்சிமருந்து அடிப்பது போல, படுத்திருப்பவர்கள் மேல் காசு வாங்கிக்கொண்டு எண்ணெயைப் பீய்ச்சுகிறார்கள். படுத்திருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்தப் படத்தில் இருக்கும் இருபது வயதுப் பெண்கள்தான் இப்போது தோல் மருத்துவரின் சீட்டோடு என் கடைக்கு வருகிறார்கள்.

எண்ணுக்கு வருவோம். 1938ல் ஃபிரான்ஸ் கிரைட்டர் என்ற ஆஸ்திரிய மாணவர், சுவிஸ் எல்லையில் 3,312 மீட்டர் உயரமுள்ள பிட்ஸ் புயின் சிகரத்தில் ஏறும்போது வெயிலில் நன்றாக வெந்துபோனார். பிறகு அவர் வேதியியலாளராகி, 1946ல் பனிமலை ஏறுபவர்களுக்கான க்ரீம் ஒன்றை விற்கத் தொடங்கினார். சிகரத்தின் பெயரையே பிராண்டாக வைத்தார். அந்த முதல் க்ரீமின் திறன் இன்றைய கணக்கில் வெறும் 2 என்று பின்னாளில் மதிப்பிட்டார்கள். 2 என்றால், தோல் சிவக்க வழக்கமாகப் பத்து நிமிடம் ஆகும் ஒருவருக்கு இருபது நிமிடம். ஜெர்மனியின் ருடால்ஃப் ஷுல்ட்சே 1950களில் யோசித்திருந்த அளவுமுறையை எடுத்து, 1974ல் கிரைட்டர் அதற்கு எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு எண்) என்று பெயர் கொடுத்துப் பரப்பினார். 1978ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை ஏற்றது.

இந்த எண்ணை எப்படி அளக்கிறார்கள் என்பதை வாடிக்கையாளர்களிடம் சொல்லும்போது பலர் கண்ணை விரிப்பார்கள். மனிதர்களின் முதுகில்தான் அளக்கிறார்கள். குறைந்தது பத்துப் பேர். முதுகில் சிறு சதுரம் வரைந்து, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் லோஷனைத் துல்லியமாகப் பரப்பி, சூரிய ஒளியைப் போன்ற விளக்கைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் காட்டுகிறார்கள். மறுநாள் எந்த இடத்தில் முதலில் சிவந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். பூசிய இடம் சிவக்கத் தேவைப்பட்ட ஒளியைப் பூசாத இடத்துக்குத் தேவைப்பட்டதால் வகுத்தால் வருவது எஸ்.பி.எஃப்.

அந்த 2 மில்லிகிராமில்தான் எல்லாம் இருக்கிறது. வளர்ந்த ஒருவர் உடம்பு முழுக்க அந்த அளவில் பூச ஒருமுறைக்கு 35 மில்லி போல வேண்டும். அதாவது ஏழு டீஸ்பூன்: கைக்கு ஒவ்வொன்று, காலுக்கு ஒவ்வொன்று, முன்பக்கம், முதுகு, பிறகு முகம் கழுத்து காது சேர்த்து ஒன்று. என் கடையில் டீஸ்பூனை எடுத்து ஒருமுறை உள்ளங்கையில் ஊற்றிக் காட்டுவேன். ‘இவ்வளவா?’ என்பார்கள். கையில் குளம் போல நிற்கும் அது. நாம் வழக்கமாக எடுப்பது ஒரு பட்டாணி.

நாம்போரின் தராசு காட்டியதும் அதைத்தான். அங்கே ஆய்வில் சேர்ந்தவர்கள் 1,621 பேர். நடத்தியவர் அடேல் கிரீன் என்ற நோய்ப்பரவலியல் மருத்துவர். பாதிப்பேர் தினமும் பூச வேண்டும். மறுபாதி தங்கள் வழக்கப்படி. பாட்டில்களை எடைபோட்டுக் கணக்கிட்டபோது, தினமும் பூசியவர்களே நடுமட்டமாக சதுர சென்டிமீட்டருக்கு 0.79 மில்லிகிராம்தான் பூசியிருந்தார்கள். மருத்துவர்கள் பின்னால் நின்று, பாட்டிலையும் கொடுத்து, எடையும் போட்ட ஆய்விலேயே பாதிக்கும் குறைவு. விடுமுறையில் மணலில் குழந்தையைத் துரத்திக்கொண்டு பூசுபவர் எவ்வளவு பூசுவார்! பாதி பூசினால் எண்ணும் ஏறத்தாழப் பாதியாகிவிடும், சமயத்தில் அதற்கும் கீழே போகும். 50 என்று வாங்கியவர் 20ஐ அணிந்து நடக்கிறார்.

ஆனாலும் அந்த மெல்லிய பூச்சே வேலை செய்தது. என்னை இந்த ஆய்வோடு கட்டிப்போட்டது இந்த இடம்தான். பாட்டிலில் இருந்த எண் வெறும் 15 சொச்சம். நாலரை ஆண்டு கழித்து எண்ணிப் பார்த்தபோது, தினமும் பூசியவர்களிடம் ஸ்குவாமஸ் செல் புற்றுக்கட்டிகள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு. 1999ல் அது வெளியானது. பேசல் செல் வகையில் அப்படி வேறுபாடு தெரியவில்லை. விட்டுவிடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். 2011ல் மெலனோமா கணக்கு வந்தது: தினமும் பூசியவர்களில் 11, மற்றவர்களில் 22. சன்ஸ்கிரீன் மெலனோமாவைத் தடுக்கும் என்பதற்கு மனிதர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனைச் சான்று அந்தச் சின்னக் கரும்பு ஊரிலிருந்துதான் உலகத்துக்குக் கிடைத்தது. எண்ணைத் துரத்துவதைவிடக் கையை மாற்றுவது பெரிய காரியம் என்று நான் நம்புவதற்குக் காரணமும் அதுதான்.

இதற்கிடையில் நாடே தன் மனதை மாற்றிக்கொண்டிருந்தது. 1981ல் விக்டோரியா மாநிலப் புற்றுநோய் எதிர்ப்புக் குழு தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் விட்டது. சிட் என்ற கடற்காகம், அரைக்கால் சட்டையோடு ஆடிப்பாடி வருகிறது: முதலில் சட்டையைப் போட்டுக்கொள், பிறகு லோஷனைப் பூசு, அப்புறம் தொப்பியை வை. அந்த வரிசை முக்கியம். லோஷன் இரண்டாவது. நிழலும் கண்ணாடியும் பின்னாளில் சேர்ந்தன. இங்கே பிறந்து வளர்ந்த நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம். தொப்பி இல்லாத பிள்ளை விளையாட்டுத் திடலில் இறங்கக் கூடாது என்பது இங்கே பள்ளிக்கூடங்களில் விதி. வணிக ரீதியாகத் தோலைப் பழுப்பாக்கும் சோலேரியம் கடைகளைக் குவீன்ஸ்லாந்து உள்படப் பெரும்பாலான மாநிலங்கள் 2014 முடிவோடு தடை செய்தன.

1983ல் ஆஸ்திரேலியா சன்ஸ்கிரீனுக்குத் தரநிர்ணயம் வகுத்தது. அதில் எழுதக்கூடிய உச்ச எண் 15+. எவ்வளவு வலுவான லோஷனாக இருந்தாலும் பாட்டிலில் அதற்கு மேல் எழுதக் கூடாது. 1990களின் இறுதியில் உச்சம் 30+ ஆனது. 2012ல் 50+. இந்த வரம்பு நல்லது என்பது என் எண்ணம். 15 உள்ளது சிவக்கவைக்கும் கதிரில் 93 சதவீதத்தைத் தடுக்கும், 30 உள்ளது 97, 50 உள்ளது 98. மேலே போகப் போகக் கிடைப்பது சொற்பம். வரம்பு இல்லாவிட்டால் 80, 100, 120 என்று கம்பெனிகள் ஏலம் விடும். ஜனங்கள் ஒருமுறை பூசிவிட்டுக் காலை முதல் மாலை வரை கடலில் கிடப்பார்கள்.

கிரைட்டரின் எண்ணில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அது தோல் சிவப்பதை மட்டும் அளக்கிறது. சிவக்கவைப்பது பெரும்பாலும் யு.வி.பி. கதிர். சிவக்கவைக்காமல் ஆழமாக இறங்கி, கண்ணாடி ஜன்னலையும் தாண்டி வந்து, தோலைத் தளர்த்திக் கருந்திட்டு போடும் யு.வி.ஏ. கதிரை அந்த எண் கவனிப்பதில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிவக்காமல் வெகுநேரம் படுத்திருந்தவர்கள் யு.வி.ஏ.யை வேண்டிய மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அதனால்தான் ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்ற சொல் பாட்டிலுக்கு வந்தது. 2012 விதிப்படி எஸ்.பி.எஃப். எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது யு.வி.ஏ. காப்பும் இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வாங்கி வரும் ட்யூபில் இதற்குப் பதிலாக பி.ஏ. என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறிகள் இருக்கும். ஜப்பானில் தொண்ணூறுகளில் வகுத்த முறை அது. குறி கூடக் கூடக் காப்பு கூடும்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த தமிழர்களுக்கு சன்ஸ்கிரீன் அறிமுகமானதே ஜிங்க் வழியாகத்தான். ஷேன் வார்னின் மூக்கு, குவீன்ஸ்லாந்துக்காரர் ஆண்ட்ரூ சைமண்ட்ஸின் வெள்ளை உதடு. ‘விபூதி மாதிரி என்னத்தைப் பூசிட்டு வரான்?’ என்று எங்கள் வீட்டில் டி.வி. முன்னால் கேட்டிருக்கிறார்கள். அது ஜிங்க் ஆக்ஸைடு. யு.வி.ஏ., யு.வி.பி. இரண்டையும் தடுக்கும், எரிச்சல் தராது, குழந்தைகளுக்கும் ஆகும். வெள்ளையாக நிற்பதுதான் தொல்லை. தொண்ணூறுகளுக்குப் பிறகு துகளை நுணுக்கி அதை ஓரளவு மறைத்தார்கள். வெளுத்த தோலில் மறைந்துவிடுகிறது. நம் தோலில் சாம்பல் பூத்தாற்போலத்தான் இன்னும் தெரிகிறது.

இங்கே ஒரு கதை. திருச்சிப் பக்கத்துப் பையன் ஒருவன், அப்பா அம்மா முதல்முறையாக வந்திருந்த சமயம், கடைக்கு வந்தான்.

“அக்கா, அம்மாவையும் அப்பாவையும் கெய்ர்ன்ஸ் கூட்டிட்டுப் போறேன். பவளப்பாறை பாக்கணும்னு அம்மாவுக்கு ஆசை. எது வாங்கறது?”

“அம்மா போட்டுக்குவாங்களா?”

“எங்கக்கா! நமக்கு எதுக்குப்பா இதெல்லாம், நாம என்ன வெள்ளைக்காரங்களாங்கறாங்க. போன வாரம் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன், மூஞ்சில சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்குன்னு துடைச்சிட்டாங்க.”

அந்த அம்மா சொன்னதில் பாதி சரி. கருமையான தோலுக்கே இயல்பான காப்பு உண்டு; மிகக் கறுத்த தோலின் மேற்படலம் 13 எஸ்.பி.எஃப். அளவுக்குத் தடுக்கும் என்று 1979ல் ஓர் ஆய்வு அளந்திருக்கிறது. நம் பழுப்பு நிறத்துக்கு அதைவிடக் குறைவு. வெயிலால் வரும் மெலனோமா நமக்கு மிகவும் அரிது. நமக்கு வரும் மெலனோமா பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவது. அதற்கும் வெயிலுக்கும் தொடர்பில்லை, லோஷன் அதைத் தடுக்காது. ஆஸ்திரேலியாவின் நிபுணர் குழுவே அண்மையில் தோல் நிறத்துக்கு ஏற்ப அறிவுரையைப் பிரித்துவிட்டது: மிகக் கறுத்த தோலுள்ளவர்கள் தினமும் பூச வேண்டியதில்லை, அவர்களுக்கு வைட்டமின் டி குறைவது பெரிய கவலை, வெகுநேரம் வெளியே இருக்கும் நாளில் மட்டும் காப்பு தேவை. இந்தத் திருத்தம் வர இவ்வளவு காலம் ஆனதே என்று எனக்கு வருத்தம் உண்டு. வெளுத்த தோலுக்காக எழுதிய பாடத்தை எல்லோருக்கும் ஒப்பித்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் கெய்ர்ன்ஸ் படகுப் பயணம் வெகுநேரம் வெளியே இருக்கும் நாள்தான். நம் தோலும் வேகும். சிவப்பு தெரியாமல் எரிச்சலும் கறுப்புமாகத் தெரியும். அதோடு மங்கு. நாற்பது தாண்டிய நம் பெண்களின் கன்னத்தில் படரும் அந்தக் கருந்திட்டு, வெயிலில் ஒரு நாள் நின்றால் மாதக்கணக்கில் வாங்கிய க்ரீமின் பலனைத் தின்றுவிடும். மங்குக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் காரணம் என்பதால் சாதாரண சன்ஸ்கிரீன் போதாது. இரும்பு ஆக்ஸைடு கலந்த, நம் நிறத்தோடு ஒட்டிய டின்ட் வகை வேண்டும். அந்த அம்மாவுக்கு முகத்துக்கு அதைக் கொடுத்தேன். சுண்ணாம்பு புகார் அதில் வராது. உடம்புக்கு லோஷனைக் குறைத்துக்கொண்டு, படகில் கொடுக்கும் ஸ்டிங்கர் சூட்டைப் போடச் சொன்னேன். நவம்பர் முதல் மே வரை அந்தக் கடலில் கொட்டும் ஜெல்லி மீன்கள் உண்டு. கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் அந்த லைக்ரா உடை அதற்காகத் தருவது. வெயிலையும் சேர்த்துத் தடுக்கும். சேலை கட்டிப் பழகியவர்களுக்கு நீச்சலுடையைவிட அது கூச்சமும் தராது.

பவளப்பாறைக்கு ஆகாது என்று சில ரசாயனங்களைப் பற்றிக் கேட்பார்கள். ஹவாய் மாநிலம் 2018ல் ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் இரண்டையும் விற்கத் தடை விதித்துச் சட்டம் இயற்றியது, 2021ல் நடைமுறைக்கு வந்தது. பலாவு நாடு 2020லேயே தடுத்தது. கிரேட் பேரியர் ரீஃபை வெளுக்கவைப்பது முதன்மையாகக் கடல் சூடேறுவதுதான். ஆனாலும் பாறைக்குப் போகும்போது இவை இல்லாததை எடுத்தால் நஷ்டமில்லை, கிடைக்கிறது.

ஸ்ப்ரே டப்பாவை நான் சிபாரிசு செய்வதில்லை. கடற்காற்றில் பாதிக்கு மேல் பக்கத்து ஆளின் துண்டில் போய் விழும். தோலில் எவ்வளவு விழுந்தது என்று கண்ணுக்குத் தெரியாது.

2025 ஜூனில் எங்கள் தொழிலையே உலுக்கிய ஒன்று நடந்தது. ‘சாய்ஸ்’ என்ற நுகர்வோர் அமைப்பு கடைகளில் 20 சன்ஸ்கிரீன்களை வாங்கிச் சோதித்தது. 16, மேலே எழுதிய எண்ணை எட்டவில்லை. அவற்றில் 50+ என்று எழுதியிருந்த ஒன்று சோதனையில் வெறும் 4 காட்டியது. அது ஆகஸ்டில் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விசாரணையில் இறங்கியது. ஆஸ்திரேலியாவில் சன்ஸ்கிரீன் அழகுப்பொருள் அல்ல, மருந்து. பாட்டிலில் ‘ஆஸ்ட் எல்’ என்று பதிவெண் இருக்கும். 15ஓ அதற்கு மேலோ எண் உள்ளதற்கு ஜி.எஸ்.டி. கூடக் கிடையாது. அப்படி அரசு தோள்கொடுத்து வளர்த்த ஒன்றில் எண் பொய்த்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த வாரம் கவுண்டரில் நின்று பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. குழந்தைக்கு அதையே பூசிய தாய்மார்கள் வந்து கேட்டார்கள். 50 சொல்லி 30, 40 தொட்டவை இன்னும் நல்ல காப்புதான், பயப்பட வேண்டாம். 4 காட்டியதை மன்னிக்க முடியாது. இரண்டையும் சேர்த்தே சொன்னேன். அந்தப் பட்டியலில் தேறியவற்றில் விலை குறைந்தவையும் இருந்தன, தேறாதவற்றில் விலை உயர்ந்தவையும் இருந்தன.

ஆக, விடுமுறைக்கு எதை எடுப்பது? பதிவெண் உள்ள, 50+ எழுதிய, பிராட் ஸ்பெக்ட்ரம், நான்கு மணி நேரம் நீர் தாங்கும் லோஷன். இந்த நான்கும் இருந்தால் பிராண்டு எதுவானாலும் சரி. மணமும் பிசுக்கும் வீட்டில் எல்லோருக்கும் ஒத்துப்போக வேண்டும். நீர் தாங்கும் என்றாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, துண்டால் துடைத்தால் உடனே. நான்கு பேர் கடற்கரையில் அரை நாள் இருந்தால், இரண்டு முறை பூச ஆளுக்கு 70 மில்லி, மொத்தம் 280. ஒரு வாரத்துக்கு 100 மில்லி ட்யூப் ஒன்றை வாங்கிக்கொண்டு நான்கு பேராகக் கிளம்புபவர்களை நான் வாசலில் நிறுத்திவிடுவேன். பம்ப் வைத்த ஒரு லிட்டர் பாட்டில் இங்கே எல்லா இடத்திலும் கிடைக்கிறது. மில்லிக்கு விலை மிகக் குறைவு, தாராளமாக ஊற்றக் கை வரும். முழுக்கை நீச்சல்சட்டை போட்டால் லோஷன் பாதியாகக் குறையும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு லோஷனே வேண்டாம், துணியும் நிழலும் போதும். கொசு மருந்தும் பூச வேண்டியிருந்தால் சன்ஸ்கிரீன் முதலில், அது காய்ந்த பிறகு மற்றது.

பாட்டிலைக் காரில் விட்டுவிடாதீர்கள். 30 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது. டிசம்பரில் பூட்டிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் அதைத் தாண்டிப் போய்விடும்; லோஷன் பிரிந்து நீர்த்துவிடும். தண்ணீர் பாட்டில் வைக்கும் ஐஸ் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். போன வருடத்து மிச்சம் இருந்தால் அடியில் தேதியைப் பாருங்கள். பாதிக்கு மேல் மீதி இருந்தால், போன வருடம் நீங்கள் பூசியது போதவில்லை.